சிலுவையில் தொங்கும் உடல்: ஸ்பானிய ஓவியர்களும் பின்வந்தோரும்

ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில் சாந்தோ தொமே என்றோர் ஆலயம் இருக்கிறது. மயிலாப்பூரின் கடலோரப் பகுதியை நாம் சாந்தோம் என்று அழைக்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே பெயர்தான். அப்போஸ்தலனாகிய தோமாவின் பெயர் ஐபீரிய நாட்டார் நாவில் அவ்வாறு திரிந்து, அங்கே ஓர் ஆலயத்திற்கு நிலைத்தது. இங்கே கப்பலேறி வந்து ஓர் ஊருக்கு ஆயிற்று. தொலேதோவின் அவ்வாலயத்தில் எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இன்றும் அதே இடத்தில் உள்ளது. ஆர்காஸ் ஊர்ப் பிரபு ஒருவர் 1323-இல் மரித்தபோது, ஸ்தேவானும் அகுஸ்தீனும் பரலோகத்திலிருந்து இறங்கிவந்து அவருடைய உடலைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர் என்னும் ஐதீகமே அதன் பொருள்.

ஓவியம் பிறந்த வரலாறு சுவையானது. பிரபு தம் மரண சாசனத்தில் ஆலயத்திற்கென எழுதிவைத்த ஆண்டுக் காணிக்கையை அவ்வூரார் பின்னாளில் நிறுத்திவிட்டனர். பங்குக்குரு வழக்குத் தொடுத்து 1569-இல் வென்றார். வென்ற குருவானவரே ஓவியத்தையும் வரையச் சொன்னார். பரலோகத்தார் இறங்கிவந்த காட்சி ஒருபுறமிருக்க, கொடுத்த வாக்கை மறவாதிருங்கள் என்று ஊராருக்கு நினைவூட்டுகிற பத்திரமாகவும் அது பயன்பட்டது. சொத்து வழக்குகளில் நம் பேராயங்கள் செலவிடுவதை அறிந்தோர், அந்த வழக்கின் முடிவில் ஓர் ஓவியமாவது மிஞ்சியதே என்று பெருமூச்சு விடக்கூடும்.

சீர்திருத்த சபையாராகிய நமக்கும் இவ்வோவியங்களுக்கும் என்ன? இக்கேள்வியை இறையியல் மாணவர் பலர் கேட்கின்றனர், கேட்பது நியாயமே. நம் ஆலயங்களில் சிலுவை வெறுமையாக நிற்கிறது. உயிர்த்தெழுந்தவரை மரத்தில் தொங்கவிடலாகாது என்று அதற்கு விளக்கம் சொல்லுகிறோம். விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் தலைவாசல் வழியே நாம் வெளியே அனுப்பிய உருவம் கொல்லைவாசல் வழியே உள்ளே வந்துவிட்டதை மட்டும் கவனிக்கத் தவறினோம். தியாகராய நகரிலோ அடையாற்றிலோ எந்தச் சபையாரின் வீட்டிற்குச் சென்றாலும் கூடத்துச் சுவரில் கிறிஸ்து இருக்கிறார். பெரும்பாலும் அவர் சிகாகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் 1940-இல் வரைந்த இயேசுவின் தலை. அல்லது ஜெர்மானியர் ஹைன்ரிக் ஹோஃப்மன் வரைந்த கெத்செமனே ஜெபம். முன்னதில் பொன்னிற ஒளியும் சீவிய தலைமயிரும். பின்னதில் துவைத்து மடித்த அங்கியும், நிலவொளியும், கலையாத தாடியும். இரத்த வியர்வையைப்பற்றி லூக்கா எழுதிய அதிகாரத்திலிருந்து இத்தனை அழகான இரவு எப்படி வந்தது என்று நாம் வினவுவதில்லை. உருவமே வேண்டாம் என்றவர்கள், உருவங்களில் மெலிந்ததைத் தெரிந்துகொண்டோம் என்பதே என் முறையீடு. மெலியாத உருவம் எப்படியிருக்கும் என்பதை அறிய, நமக்கு எதிர்முகாமில் இருந்த ஸ்பானிய ஓவியர்களிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

அவர்கள் சுதந்தரக் கலைஞர்கள் அல்லர். திரெந்து சங்கம் 1563 டிசம்பரில் தன் இறுதி அமர்வில் திருவுருவங்களைக் குறித்துக் கட்டளை பிறப்பித்தது: உருவங்கள் இருக்கலாம், போதிக்கவேண்டும், பொய்யான உபதேசத்திற்கும் இச்சைக்கும் இடங்கொடுக்கலாகாது. செவில் நகரத்து ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேக்கோவை 1618-இல் விசாரணை மன்றம் படங்களின் கண்காணிப்பாளராகவே நியமித்தது. ஆண்டவருடைய பாதங்களில் ஓர் ஆணியா இரண்டா என்பதைக்கூட அவர் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். மொத்தம் நான்கு ஆணிகள் என்பது அவருடைய முடிவு. அவர் மறைந்தபின் 1649-இல் அவருடைய ஓவிய நூல் அச்சேறியது. இத்தகைய காவலில் கலை உயிர்வாழுமா என்று நாம் ஐயுறலாம். பச்சேக்கோவின் மாணவரும் மருமகனுமான வெலாஸ்கெஸ் அவ்வையத்திற்கு விடையளித்தார்.

மாட்ரிட் நகரத்துக் கன்னியர் மடம் ஒன்றிற்காக 1632-ஆம் ஆண்டளவில் வெலாஸ்கெஸ் வரைந்த சிலுவைக் கிறிஸ்து இப்போது பிராதோ கலைக்கூடத்தில் உள்ளது. ஆணிகள் நான்கு, மாமனாரின் சொல் தட்டப்படவில்லை. எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் மேற்பலகை எழுதப்பட்டிருக்கிறது. யோவான் 19:20-ஐ ஓவியர் வாசித்திருக்கிறார். இவ்வளவுதான் விதி கேட்டது. எஞ்சியதெல்லாம் வெலாஸ்கெஸ் விலக்கிவிட்டவை. மரியாள் இல்லை, யோவான் இல்லை, போர்ச்சேவகர் இல்லை, எருசலேமின் மதிலோ மண்டையோடோ இல்லை. பின்னால் இருள் மட்டும். உடல் முறுக்கிக்கொள்ளவில்லை, இரத்தம் மிகக் கொஞ்சம். சாய்ந்த தலையிலிருந்து மயிர்க்கற்றை சரிந்து முகத்தின் வலப்பாதியை மூடிவிட்டது. அந்த மறைவைப்பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஸ்பானியச் சிந்தனையாளர் உனமுனோ இவ்வோவியத்தையே பொருளாக்கி 1920-இல் ஒரு நெடும்பாடல் வெளியிட்டார். ஏசாயா 53:3-ஐ மனதில் கொண்டு பார்க்கிறவருக்கு அந்த மறைவு தற்செயலாகத் தோன்றாது. நம் முகத்தை நாம் மறைத்துக்கொண்டதாகத் தீர்க்கதரிசி சொல்லுகிறார். ஓவியரோ அவர் முகத்தை அவர் மயிரே மறைக்கும்படி விட்டுவிட்டார். பார்க்க வந்தவர் பாதியைத்தான் பெறுகிறார்.

போதகர்களாகிய நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பெரிய வெள்ளியன்று நாம் மூன்று மணிநேரம் ஏழு வார்த்தைகளைப் பிரசங்கிக்கிறோம். ஒரு வார்த்தைக்கு ஒருவராக ஏழு பிரசங்கியார் ஏறி இறங்குகிற சபைகளும் உண்டு. வெலாஸ்கெஸின் ஓவியத்தில் ஏழும் சொல்லி முடிந்துவிட்டது. வாய் மூடியிருக்கிறது. அதற்குப்பின் நிலவிய அந்த அமைதி நம் ஆராதனை ஒழுங்கில் எங்கே இருக்கிறது? ஏழாம் வார்த்தை முடிந்தவுடன் காணிக்கைப் பாட்டு எழுந்துவிடுகிறது.

சுர்பரான் இன்னும் கடுமையானவர். செவிலில் இருந்த தொமினிக்கர் மடத்திற்காக 1627-இல் அவர் வரைந்த சிலுவை இப்போது சிகாகோவில் உள்ளது. மங்கிய வெளிச்சத்தில் கம்பியழிக்கு அப்பால் அதைக் கண்டவர்கள் செதுக்கிய சிற்பம் என்றே எண்ணினர் என்று பழைய ஸ்பானிய நூலாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அது வெறும் கண்கட்டு வித்தையன்று. செவிலில் அக்காலத்தில் மரச்சிற்பிகளும் ஓவியர்களும் அடுத்தடுத்த பட்டறையினர். சிற்பிகள் செதுக்கிய மரத்திற்குத் தோலின் நிறம் தீட்டியவர்கள் ஓவியர்களே. ஆகவே சுர்பரானின் துணியில் ஒரு மரத்தின் கனம் இருக்கிறது. இடுப்பில் சுற்றிய வெள்ளைத் துணியின் மடிப்பை எண்ணலாம்.

ஆனால் சுர்பரானின் தலைசிறந்த சிலுவை ஓவியம் எது என்று கேட்டால், சிலுவையே இல்லாத ஒன்றைத்தான் காட்டுவேன். 1635-க்கும் 1640-க்கும் இடையில் அவர் வரைந்த ஆட்டுக்குட்டி அது. சாம்பல்நிற மேசை, கறுத்த பின்புலம், நான்கு கால்களும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஓர் இளங்கிடாய், உயிரோடு. ரோமம் அழுக்கேறிச் சுருண்டு கிடக்கிறது. கொம்பு முளைத்திருக்கிறது. பிராதோவிலுள்ள பிரதியில் ஒளிவட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. சைதாப்பேட்டைச் சந்தையில் கட்டிப்போட்ட ஆட்டைப் பார்த்த எவனுக்கும் அது தெரிந்த காட்சி. ஏசாயா 53:7-ஐ அறிந்தவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அறியாதவனுக்கு அது வெறும் ஆடு. வசனத்தை முன்னிட்டே பொருள்படுகிற ஓவியம் இது. வேதத்தைப் பற்றிக்கொண்ட சபையாருக்கு இதைவிட இணக்கமான ஓவியத்தை ரோமச் சபை தந்ததில்லை என்பேன்.

இவர்களை முதலில் மதித்து வாங்கிய பேராயர்களில் ஒருவர் ஆங்கிலேயச் சபையைச் சேர்ந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. டர்ஹாம் பேராயர் ரிச்சர்ட் ட்ரெவர் 1756-இல், யாக்கோபும் அவன் பன்னிரு குமாரரும் என்னும் சுர்பரானின் பதின்மூன்று ஓவியங்களில் பன்னிரண்டை வாங்கினார். பென்யமீன் மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட, அதற்கு ஒரு நகலை எழுதுவித்து வரிசையை நிறைவு செய்தார். தம் மாளிகையில் விருந்தினர் உண்ணும் அறையில் அவற்றை மாட்டினார். மூன்றாண்டுகளுக்குமுன், 1753-இல், யூதருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறி, மக்களின் கூச்சலுக்கு அஞ்சி உடனே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அச்சூழலில், நாட்டின் பெரியோர் வந்து உண்ணும் மேசையைச் சுற்றி இஸ்ரவேலின் பன்னிரு கோத்திரப் பிதாக்களை ஆளுயரத்தில் நிறுத்திவைத்த பேராயரின் செய்கையைப் பிரசங்கம் என்றே கொள்ளலாம். அதே சபையின் நிர்வாகிகள் 2010-இல் அவ்வோவியங்களை விற்றுப் பணமாக்க முடிவு செய்தனர். ஜோனதன் ரஃபர் என்னும் செல்வர் ஒன்றரைக் கோடி பவுண்டு கொடுத்ததனாலேயே அவை அதே சுவரில் தங்கின.

இனி, பின்வந்தோரைப் பார்ப்போம். எல் கிரேக்கோ தம் இறுதிக் காலத்தில் வரைந்த ஐந்தாம் முத்திரை (வெளி. 6:9-11) என்னும் ஓவியம் நியூயார்க்கில் உள்ளது. இடப்புறத்தில் யோவான் இரு கைகளையும் உயர்த்தி முழங்காலில் நிற்க, பலிபீடத்தின் கீழிருந்த ஆத்துமாக்கள் நிர்வாணமாக எழுந்து வெள்ளை அங்கிகளுக்குக் கை நீட்டுகின்றனர். அதைப் பாரிசில் ஒரு நண்பர் இல்லத்தில் கண்ட பிக்காசோ, 1907-இல் தாம் வரைந்த விலைமகளிர் ஐவரின் ஓவியத்திற்கு அந்நீண்ட நிர்வாண உடல்களையும் வெட்டுண்டாற்போன்ற திரைச்சீலைகளையும் எடுத்துக்கொண்டார் என்று கலை வரலாற்றார் கூறுவர். இருபதாம் நூற்றாண்டுக் கலை அதனின்று தொடங்கிற்று எனவும் கூறுவர். இருக்கலாம். எதுவரைக்கும் ஆண்டவரே என்ற இரத்தசாட்சிகளின் கூக்குரலை விட்டுவிட்டு, அவர்களுடைய தோள்களையும் தொடைகளையும் மட்டும் எடுத்துக்கொண்ட அந்தக் கடன்வாங்கலில் எனக்கு முழு மகிழ்ச்சியில்லை. ஆயினும் 1937-இல் குவெர்னிக்கா ஊரின்மேல் குண்டு விழுந்தபோது அதே பிக்காசோவிடமிருந்து அக்கூக்குரல் திரும்பவும் எழுந்தது. அவ்வோவியத்தில் விழுந்து கிடக்கிற போர்வீரனின் உள்ளங்கையில் ஆணித்தழும்பு போன்ற கோடுகள் உண்டு.

அத்தழும்பு கோயாவிடமிருந்து வந்தது. 1808 மே மாதம் மூன்றாம் நாள் நெப்போலியனுடைய படையினர் மாட்ரிட் மக்களைச் சுட்டுக்கொன்ற காட்சியை அவர் 1814-இல் வரைந்தார். வெள்ளைச் சட்டையணிந்த கூலியாள் ஒருவன் இரு கைகளையும் அகல விரித்து நிற்கிறான். அவன் வலது உள்ளங்கையில் ஒரு வடு. இது சிலுவை என்பதை எவரும் உணர்வர். நான் வியப்பது ஓவியத்தின் வெளிச்சம். எல் கிரேக்கோவிடம் ஒளி மேலிருந்து இறங்கும். வெலாஸ்கெஸிடம் இன்னவிடத்திலிருந்து என்று சொல்ல இயலாமல் உடலின்மேல் தங்கும். கோயாவிடம் ஒளி தரையில் வைத்த ஒரு சதுரக் கண்ணாடி விளக்கிலிருந்து வருகிறது. குறி தவறாதிருக்கக் கொலைஞர் கொண்டுவந்த விளக்கு அது. பின்னால் ஆலயக் கோபுரம் இருட்டில் நிற்கிறது. சாகப்போகிறவர்களின் நடுவே மொட்டையிட்ட துறவி ஒருவர் முழங்காலிட்டிருக்கிறார். சபை அங்கேயாவது இருந்தது என்பதைக் கோயா மறைக்கவில்லை. பாடுபட்ட உடல் பீடத்தைவிட்டுத் தெருவிற்கு இறங்கியது இந்த ஓவியத்திலேதான்.

சால்வதோர் தாலி 1951-இல் வரைந்த சிலுவை கிளாஸ்கோ நகரில் உள்ளது. ஸ்காட்லாந்தின் அந்தச் சீர்திருத்த நகரம் 1952-இல் 8,200 பவுண்டு கொடுத்து அதை வாங்கிற்று. 1961-இல் ஒருவன் அதைக் கிழித்தான். சீர்படுத்தி மீண்டும் வைத்தார்கள். நம் குருமனைகளிலும் வாலிபர் கூட்ட அறைகளிலும் அதன் அச்சுப்படம் காணக்கிடைக்கிறது. கடல்மேல் தொங்குகிற சிலுவையை மேலிருந்து பார்க்கிறோம். ஆணியில்லை, முள்முடியில்லை, இரத்தமில்லை. உடற்பயிற்சி செய்து தேறிய அழகிய தோள்கள். மாதிரியாக நின்றவர் ஹாலிவுட்டில் சாகசக் காட்சிகளில் நடித்த ஒருவர். அவிலாவில் பாதுகாக்கப்படுகிற, சிலுவையின் யோவான் என்னும் ஸ்பானியத் துறவி கையால் வரைந்த சிறு சித்திரத்திலிருந்தே தாலி அந்தக் கோணத்தைப் பெற்றார். துறவியின் சித்திரத்தில் உடல் முன்னோக்கிச் சரிந்து, கைகள் கிழிந்துவிடும்போலத் தொங்குகிறது. தாலி கோணத்தை எடுத்துக்கொண்டு கனத்தை விட்டுவிட்டார். கிறிஸ்து மெய்யாகப் பாடுபடவில்லை, பட்டவர்போலத் தோன்றினார் என்ற தோற்றவாதத்தைச் சபைப்பிதாக்கள் கண்டித்ததை மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கின்றனர். 1 யோவான் 4:2-இன் அளவுகோலை இப்படத்தின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். ஸ்பானிய மரபில் நம் சபையார் விரும்பி ஏற்றுக்கொண்ட ஒரே சிலுவை, அம்மரபின் உயிர்நாடி அறுந்துபோன சிலுவையாய் அமைந்தது வருந்தத்தக்கது.

நம் நாட்டிற்கு இம்மரபு இரு வழிகளில் வந்தது. 1606-இல் போப் ஐந்தாம் பவுல் மயிலாப்பூரைத் தனி மறைமாவட்டமாக்கியபோது போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே மன்னனின் கீழிருந்தன. 1580 முதல் 1640 வரை நிலைமை அதுவே. சாந்தோம், லஸ், பரங்கிமலை என்று கடற்கரையோரத்தில் எழுந்த ஆலயங்களுக்கு ஐபீரியரின் சிலுவையுருவம் வந்து சேர்ந்தது. மற்றொரு வழி நமக்கு இன்னும் வியப்பூட்டுவது. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணிக்கு, ஆக்ரெதா ஊர்க் கன்னித்துறவி மரியா எழுதிய ஸ்பானிய நூலே பெரிதும் மூலம் என்று தமிழறிஞர் கூறுவர். யோசேப்பை வளன் என்ற பெயரில் காப்பியத் தலைவனாக்கியது அந்நூல். அவிலாவின் தெரேசா பரப்பிய யோசேப்புப் பக்தியினால் தொலேதோவில் அவர் பெயரில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. அதற்காக 1597-க்குப் பின் எல் கிரேக்கோ, கையில் கோலேந்தி நடக்கும் யோசேப்பையும் அவர் இடுப்பைத் தழுவி நிற்கும் பாலகனையும் வரைந்தார். தலைகீழாகப் பறந்துவரும் தூதர்கள் மலர் ஏந்தி வருகின்றனர். ஓவியமும் காப்பியமும் ஒரே ஸ்பானியப் பக்தியின் இரு கிளைகள் எனலாம். மெரீனாவில் 1968-இல் நிறுவிய முனிவரின் சிலையைக் கடந்துபோகிற நம்மில் எத்தனைபேர் இதை எண்ணுகிறோம்? லுத்தேரினத்தியல்பு எழுதி நம் தரங்கம்பாடித் தந்தையரை அவர் வறுத்தெடுத்த கோபத்தில், ஓவியர் தீட்டியதை அவர் விருத்தத்தில் தீட்டினார் என்பதை நாம் காணவில்லை.

ஆனால் சிலுவையின் உடலை இந்திய ஓவியத்திற்குள் கொண்டுவந்தவர் கோவாவின் சூசா. பிரான்சிஸ் நியூட்டன் சூசா 1924-இல் சலிகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் வைசூரி கண்டு பிழைத்ததனால், தாய் செய்த நேர்ச்சையின்படி புனித சவேரியாரின் பெயரான பிரான்சிஸ் என்பது சேர்ந்தது. மகன் குருவாவான் என்றும் தாய் நம்பினார். 1947-இல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தோற்றுவித்தார். 1949-இல் லண்டன் சென்றார். 2002-இல் மும்பையில் மறைந்தார். கோவாவின் ஆலயங்களில் சிறுபிள்ளையாகக் கண்ட பொன்பீடங்களும், குருக்களின் ஆடம்பர உடைகளும், அவற்றின் நடுவே கசையடிபட்டு இரத்தம் வடியத் தொங்கிய பெரிய சிலுவையுருவமும் தம்மை ஆட்கொண்டதை 1959-இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதினார். அந்த முரண்பாடுதான் அவருடைய கலை முழுவதும். பொன்னும் பட்டும் உடுத்த சபை ஒருபுறம். அது தூக்கிக் காட்டுகிற கிழிந்த மனிதன் மறுபுறம்.

அதே 1959-இல் அவர் வரைந்த சிலுவையறைவு லண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமை. கிறிஸ்துவின் உடல் கறுத்திருக்கிறது. கோடுகள் தடித்து, முட்களாகக் கூர்ந்து, உடலே முள்முடியாகிவிட்டது. வாயில் பற்கள் தெரிகின்றன. பிரனீஸ் மலைச் சிற்றாலயங்களிலிருந்து பெயர்த்தெடுத்துப் பார்சிலோனாவில் பாதுகாக்கிற பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களின் கறுங்கோடுகளோடு சூசாவின் கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தகும். வெலாஸ்கெஸின் மென்மைக்கு முந்திய ஸ்பெயின் அது. பொன்மயிர்க் கிறிஸ்துவை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டோம்.

இது தெய்வநிந்தையா? அப்படிச் சொல்லுகிறவர் உண்டு. மாணவர் விடுதியில் இதன் படத்தை ஒட்டினால் யாரேனும் கிழித்துவிடவும் கூடும். சூசாவுக்குச் சபையின்மேல் இருந்தது கசப்பு. அதை நான் மெழுகிப் பேச விரும்பவில்லை. அவர் வரைந்த போப்புகளும் குருக்களும் இரக்கமற்ற ஏளனத்தோடு வரைந்தவை. அவற்றுட் சில வெறும் வசை. ஆனால் சிலுவையண்டை வருகையில் ஏளனம் நின்றுவிடுகிறது. வெலாஸ்கெஸ் வரைந்தது மாற்கு 15:37-க்குப் பிந்திய உடல் என்றால், சூசா வரைந்தது 15:34-இன் வாய். கைவிடப்பட்ட கூக்குரலை எழுப்புகிற வாயில் பற்கள் தெரியத்தானே செய்யும்? அந்த நான்காம் வார்த்தைக்குப் பிரசங்கியார் அகப்படுவது எப்போதும் கடினம். அகப்பட்டவரும் பிதா மெய்யாகக் கைவிடவில்லை என்று ஐந்து நிமிடத்திற்குள் ஆறுதலுக்கு வந்துவிடுவார். சூசா ஆறுதலுக்கு வருவதில்லை. அது அவருடைய பலம், குறையும் அதுவே. வெலாஸ்கெஸின் உடலில் முடிந்தது என்ற ஒரு நிறைவு இருக்கிறது. சூசாவின் உடலில் முடிவு இல்லை. அவருடைய கிறிஸ்து யாருக்காகப் பாடுபடுகிறார் என்பதை ஓவியம் சொல்லாது. இரண்டில் ஒன்றை மட்டும் சபைக்குக் காட்டுகிற போதகர் பாதிச் சிலுவையைக் காட்டுகிறவர்.

1980-களில் ஏ. பி. நிர்மல் தலித் இறையியலைப் பேசத் தொடங்கியபோது, புறந்தள்ளப்பட்டவராகிய கிறிஸ்துவைச் சொற்களில் தேடவேண்டியிருந்தது. கறுத்துக் கிழிந்த ஒரு கிறிஸ்து ஓர் இந்தியர் கையால் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தார். இரண்டும் ஒன்றல்ல; சூசாவின் கறுப்பு ஒடுக்கப்பட்டோர் பொருட்டு எழுந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. என்றாலும் இறையியலார் அவரிடம் போகாதது ஓர் இழப்பே.

சென்னைக் கலைஞர்கள் போன வழி வேறு. அரசினர் கலைப்பள்ளியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்து, 1966-இல் சோழமண்டலத்தைத் தோற்றுவித்த கே. சி. எஸ். பணிக்கர், கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் 1950-களையொட்டிக் கிறிஸ்துவை ஆர்வத்தோடு வரைந்தார். அவர் தெரிந்தெடுத்த பொருள்களுள் ஒன்று சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்பது. காந்தியடிகள் மறைந்த காலத்தை ஒட்டிய தெரிவு அது. மலையின்மேல் அமர்ந்த குருவே நம் நாட்டார் மனத்திற்கு இசைந்தவர். ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டிக் கோயிற் கவசத்தின் சாயலில் கிறிஸ்துவை உருவாக்கினார். அல்போன்சோ அருள் தாஸ் ஒளியில் கரையும் கிறிஸ்துவை வரைந்தார். கோடு, தகடு, ஒளி என்று அழகெல்லாம் கூடிவந்தன. ஸ்பானியர் தந்த எடையுள்ள உடல் மட்டும் கூடிவரவில்லை. சொந்த மரபைத் தேடினவர்களிடம் ஐபீரியரின் உடலை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது முறையன்று. ஆனால் அவர்களுடைய கிறிஸ்து போதிக்கிறார், தியானிக்கிறார், அருள்கிறார். மரிப்பது அரிதாகவே இருக்கிறது. நம் மண்ணுக்கேற்ற கிறிஸ்தியலைத் தேடுகிற நம் வகுப்பறைகளுக்கும் இதே சங்கடம் உண்டு.

பெரிய வெள்ளிப் பிரசங்கத்திற்கு ஆயத்தப்படும் மாணவர்கள் லெந்து நாட்களில் ஒரு முற்பகல் சாந்தோம் ஆலயத்திற்குள் சென்று, அங்குள்ள சிலுவையுருவத்தின்முன் வாய் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்கலாம். பிறகு அடையாற்றுப் பாலம் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இஞ்சம்பாக்கம் போனால், சோழமண்டலத்தில் 2009-இல் திறந்த சென்னைக் கலை இயக்கத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. சுர்பரானின் ஆட்டுக்குட்டியின் அச்சுப்படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நலம்.